மஞ்சள் தொட்ட பட்டுக் கவுன்

கிட்ட வந்து இருங்கள். றெக்ஸைத் தெரியும்தானே? அவனுடைய மச்சாள் இந்திராதேவிக்கு நடந்தது இது.

தை மாதம். மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. லவால் நகரின் ஆற்றங்கரை வீதியில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை... ஒரு வாகனம்கூட. பனி கண்ணாடியில் சர்சரென்று உரசியது. பின் இருக்கையில் அந்த உடுப்பு கிடந்தது. பழைய வீடொன்றைக் காலி பண்ணியவர்களிடம் வாங்கியது. நூற்று முப்பது வருடத்துக்கு முன் பணக்காரப் பெண்கள் இரவு விருந்துக்கு உடுத்திய கருஞ்சிவப்புப் பட்டு. திறந்த தோள், இடுப்பை ஒடுக்கத் துணிக்குள் வைத்துத் தைத்த எலும்புக் குச்சிகள், தரையில் இழுபடும் நீள வால். உடுத்துகிறவள் கட்டிலைப் பிடித்து நிற்க, வேலைக்காரி பின்னாலிருந்து இறுக்கிவிடுவாளாம்.

மறுநாள் மகள் வினோஜாவுக்குச் சாமத்திய வீடு. பெரியபிள்ளையானவளைச் சேலையிலும் கவுனிலும் படம் எடுக்காவிட்டால் சனம் என்ன சொல்லும்?

கார் ஓட்டிய கணவன் தியாகலிங்கம் சிரித்தார். "உதின்ரை வாலைத் தூக்கவே நாலு பேர் வேணும். இடுப்பு என்ரை தொடையளவுகூட இல்லையப்பா!"

"நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ. நான் பிரிச்சு விடுறன்."

ஊர்ப் பெண்களுக்குப் பிளவுஸ் தைத்த கை அது. வீட்டுக்கு வந்ததும், உள்ளே மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்து, மகளின் அளவுக்குத் தளர்த்தினாள். முடித்ததும், புது உடுப்புக்குச் செய்வதுபோல ஓரத்தில் மஞ்சள் தொட்டு, "இது என்ரை பிள்ளைக்கு" என்றாள். பழசுக்கு யாராவது மஞ்சள் வைப்பார்களா? கைப்பழக்கம்... வைத்துவிட்டாள்.

காலையில் இடுப்பு பழையபடி ஒடுங்கிக் கிடந்தது. பிரித்த இடமெல்லாம் எறும்பு வரிசைபோலப் பொடித் தையல். அவளுடைய நூல் இல்லை. மடிப்பில் வேர்வை வாசம்... ஈரமாக.

"எனக்கு ஊசியிலை நூல் கோக்கவும் தெரியாது!" என்று தியாகலிங்கம் சத்தியம் செய்தார்.

மறுபடி பிரித்தாள்.

மண்டபத்தில், உடை மாற்றும் அறை. படக்காரர் வெளியே நின்று அவசரப்படுத்தினார். மகளின் முதுகுப் பக்கம் கொக்கிகளை மாட்டிவிட்டாள். தளர்வாகத்தான் இருந்தது. பிறகு... கிறீச். எலும்புக் குச்சி வளைந்தது. கிறீச்.

"அம்மா, இழுக்காதேங்கோ!"

இந்திராதேவி அறையின் மற்றப் பக்கத்தில் பூச்சரத்தைச் சிக்கெடுத்துக்கொண்டு நின்றாள்.

ஓடிவந்தாள். பிள்ளையின் உதடு நீலம். கொக்கி கழலவில்லை. கத்தரிக்கோலைக் குத்தி மேலிருந்து கீழே கிழித்தாள். 'ஹா' என்று ஒரு மூச்சு வந்தது... வினோஜாவிடமிருந்து. வெட்டிய பட்டுக்குள்ளிருந்து இன்னொன்று.

உடுப்பைக் குப்பை லொறி கொண்டுபோய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டரும் சொன்னார். பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள்.

ஆனால் பொழுதுபட்டதும் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, தாய்க்கு முதுகைக் காட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாளாம்.

"என்ன பிள்ளை?"

"கெதியா இறுக்குங்கோ... விருந்துக்கு ஆக்கள் வரத் தொடங்கிட்டினம்."