கொடிக்கு இஃபாத், மழைக்கு சுகிர்தா

இல்ல சார், நிக்கிறேன், பரவால்ல. சரி, உக்காந்துக்குறேன். டீயெல்லாம் வேண்டாம் சார்.

விடுதலை நாள் தொகுப்புக்கு எல்லாம் வந்துருச்சு, இஃபாத்தோட கொடிக் கவிதை ஒண்ணுதான் பாக்கி, சாயங்காலம் அச்சுக்குப் போவணும்னு போன்ல சொன்னீங்கள்ல. அதான் நேர்லயே வந்தேன். எழுதலை சார். உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. வரலை, அவ்வளவுதான்.

கோவப்படாதீங்க. எனக்குப் பேசவே வராதுன்னு உங்களுக்குத் தெரியும். காலேஜ்ல பேரு கூப்பிட்டாலே சத்தம் வெளிய வராது. இன்னைக்கு வழியெல்லாம் ஸ்கூட்டியில சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஆமா, சுகிர்தாதான் ஓட்டிட்டு வந்தா. வாசல்ல நிக்கிறா. உள்ள வர வெக்கமா இருக்காம்.

மூணு வருஷமா ஆகஸ்ட்டு பதினஞ்சுக்கும் நான்தான், பிரெஞ்சுக்காரன் நம்ம ஊரை விட்டுப் போன நவம்பர் ஒண்ணுக்கும் நான்தான். ஒரு தடவை மழை பத்தி எழுதவா சார்னு கேட்டேன். அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க, நீ கொடி எழுதும்மா, நீ சொன்னாத்தான் எடுபடும்னீங்க. மேடைக்குப் போறப்ப, முக்காடு நல்லாத் தெரியுற மாதிரி நில்லும்மா, போட்டோவுல அழகா இருக்கும்னீங்க. நல்ல மனசாத்தான் சொன்னீங்க. நான் தப்பா நெனைக்கலை சார்.

நாட்டைப் புடிக்காதான்னா? இந்தக் கேள்விதான் சார். இதுக்குத்தான் பயந்துக்கிட்டு மூணு வருஷமா எழுதுனேன். சொந்த வீட்டுல சோறு திங்கிறப்ப, வருஷத்துக்கு ரெண்டு தடவை எந்திரிச்சு நின்னு, நானும் இந்த வீட்டுப் புள்ளதான்னு சொல்லச் சொன்னா, அப்புறம் சோறு எறங்குமா?

உங்க வீட்டுல எல்லாருக்கும் அந்தக் காலத்துலேருந்தே பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. போன எலெக்‌ஷனுக்கு இங்கேருந்தே பிரான்ஸுக்கு ஓட்டுப் போட்டீங்க. யாராச்சும் உங்ககிட்ட கொடிக் கவிதை கேட்டாங்களா? ஐயோ, கேக்கணும்னு சொல்லலை சார். உங்க பையன், அஷ்வின் அண்ணன், அங்கேருந்து அனுப்புன காதல் கவிதை, நீங்க காட்டுன புரூஃப்ல மூணாம் பக்கத்துல இருக்கு. நல்லா இருக்கு. அவங்க காதலிக்கலாம், நான் கொடிதான் ஏத்தணும்.

இதோ, விஷயத்துக்கு வந்துட்டேன் சார். போன வருஷம் நான் படிச்சு முடிச்சப்ப கூட்டமே எந்திரிச்சு நின்னுச்சே, அந்தக் கொடிக் கவிதை நான் எழுதுனதில்ல. சுகிர்தா எழுதுனது. வரலைன்னு ஹாஸ்டல்ல உக்காந்து அழுதேன், பாவம் பாத்து எழுதிக் குடுத்தா. அவளுக்கு நெசமாவே வரும் சார், அந்த வேகம்.

அதுக்குப் பதிலா ஒண்ணு நடந்துச்சு. மொதப் பக்கத்துல அவ பேர்ல மழைக் கவிதை போட்டுருக்கீங்கள்ல? நெடுங்காட்டு விவசாயி மக, வரிக்கு வரி மண்வாசனைன்னு முன்னுரையிலகூட எழுதியிருக்கீங்க. அதுல ஒரு அம்மா, தகரக் கொட்டாயிக்குக் கீழ கையில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்தப் பக்கம் ஒருத்தரு ஒண்ணும் பேசாம மழைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருப்பாரு. சுகிர்தா அப்பா மழை பேஞ்சா மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு வயலுக்குப் போவாரு. நெடுங்காட்டைத் தாண்டி அவரு எங்க சார் போயிருக்காரு, போன்ல மழையைக் கேக்க?

எங்க வாப்பா பதினோரு வருஷமா துபாய்ல இருக்காங்க. போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எங்க உம்மா.

ஆமா சார். நான் எழுதுனதுதான்.

பேரை மட்டும் மாத்திருங்க, இன்னும் அச்சுக்குப் போவலையே. கொடி பாக்கின்னீங்கள்ல, போன வருஷத்துதையே போட்டுக்கங்க, சுகிர்தா பேர்ல.

என்ன சார்? அவ பேர்ல கொடி எடுபடாதா?

ஏன் சார்?