அவரு சொன்ன சாட்சி

— அந்த வாக்குமூலம் செல்லாதுன்னுட்டாங்க, அன்புசெல்வியக்கா.

— ஏனுங்க வக்கீலம்மா? நம்ம போலீஸுதானுங்களே எழுதுனாங்க?

— ஜெர்மனி கோர்ட்டு கேட்டுத்தான் எழுதுனாங்க, வீடியோவும் எடுத்து அனுப்புனாங்க. அதுல, பாருங்க, கேள்வி உங்களுக்கு. பதில் பூராவும் முருகேஷண்ணன் சொல்றாரு.

— ஊட்டுக்காரரு பக்கத்துல இருக்கறப்ப நான் எப்படீங்க முந்திக்கிட்டுப் பேசறது? எஸ்.ஐ.யும் அவரைப் பாத்துத்தானுங்க கேட்டாரு.

— நம்மூருல அது மரியாதை. அங்க, பாருங்க, சாட்சி வாயே தொறக்கலைங்கறாங்க. எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணவும் வழியில்லாமப் போச்சாம்.

— அப்ப என்ற தங்கச்சி பனியன் கம்பெனித் தீயில வெந்து செத்ததுக்குக் கேள்வி கேப்பாரே இல்லீங்களா?

— இருக்குக்கா. நாளைக்கு வீடியோவுல நீங்களே பேசலாம்னு கோர்ட்டு சம்மதிச்சிருக்கு. உங்க தங்கச்சி தேஜஸ்ரீக்கு இதான் கடைசி வாய்ப்பு.

— அவரு கூட இருப்பாருங்களா?

— கூடாது. வெளிய உக்காரட்டும். இப்ப நான் கேக்கறேன், பழகிக்குங்க. கணவர் பேரு?

— உங்களுக்குத் தெரியாததுங்களா? கண்ணாலமாயி இத்தனை வருசத்துல அந்தப் பேரை நான் வாயில எடுத்ததில்லீங்க.

— சரி, கடைசியாப் பாத்துக்கலாம். தீப்பிடிச்சப்ப பேக்கிங் செக்‌ஷன் பின்கதவு?

— பூட்டியிருந்துச்சுங்க. அவ உள்ளிருந்து தட்டுனா. நான் வெளியிருந்து இழுத்தேன். கை வெந்ததுதான் மிச்சம்.

— தைச்ச துணி பீஸ் திருட்டுப் போகுது, கதவைப் பூட்டுங்கன்னு ஆர்டர் குடுத்த ஜெர்மனிக்காரரு கம்பெனிக்கு வந்தப்ப சொன்னாரு. அதை உங்க காதால கேட்டீங்க. அதை வெச்சுத்தான் அவரு மேல கேஸே நிக்குது.

— நான் கேக்கலீங்க.

— என்னக்கா சொல்றீங்க? வீடியோவுல அப்படித்தானே இருக்கு?

— அது எங்க ஊட்டுக்காரரு சொன்னதுங்க. அந்த வெள்ளைக்காரரு கதவைப் பத்திப் பேசவே இல்லீங்க.

— அக்கா, அந்த மனுசன் ஜெயிலுக்குப் போகப் போறாரு.

— அதை நினைச்சாத்தானுங்க சோறு எறங்கமாட்டேங்குது. பொம்பளையாளுகளைச் சோதனை போடாம வெளிய உடக்கூடாதுன்னு பூட்டுனது சூப்பர்வைசருங்க. சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டாருங்க.

— எந்தச் சூப்பர்வைசரு? தலையைக் குனிஞ்சா நாளைக்கு அதுவும் செல்லாதுக்கா. பேரை நீங்களே வாயால சொல்லோணும்.

— முருகேஷுங்க.