துலுக்கானத்துக்கு பெல்ட்டு கிடைக்காது

அட குந்து நைனா, அவன் இன்னும் கொஞ்ச நேரம் இப்டித்தான் கயிறு தாண்டிக்கினு கீவான். நீ சொன்னத இன்னொரு தபா சொல்லு, காது குளிரக் கேட்டுக்கறேன். மதராஸ் ஹெவிவெயிட் பெல்ட்டு. துலுக்கானத்துக்கு. தோ, ஏரிக்கரை மேல குதிக்கிறானே, அவனுக்கு!

சிரிக்காம இன்னா பண்ணச் சொல்றே? பட்டணத்துலேர்ந்து ஆவடிக்கு ரயிலேறி வந்து, ஒப்பந்தக் காயிதத்த ஜோபில வெச்சிக்கினு நிக்கிறே. ஆள் எடுக்க வந்தவன் ஆள நல்லாப் பாக்க வேணாம்? அது குதிக்கிறதா? அவன் குதிச்சா இங்க நான் குந்திக்கினு கீற பொட்டி ஆடுது. இன்னும் நாலு நாள் குதிச்சான்னா கரை ஒடைஞ்சி சேக்காடு ஊரே முழுவிடும். நான் சொல்றதக் கேளு, அவன் இங்க வர்றதுக்குள்ள அந்தக் காயிதத்த எடுத்துக்கினு பத்து மணி வண்டியப் புடி. வேற ஆளப் பாரு.

ஆமா, பதினஞ்சு ஸ்டோன் எடை. இல்லேன்னு யாரு சொன்னா? எருமைக்குக்கூடத்தான் எடை கீது. அது மிலிட்டரி டிப்போவுல பொட்டி தூக்கித் தூக்கி வந்த ஒடம்பு. பொட்டி திருப்பி அடிக்காது பாரு, அதான் இவனுக்கு வித்தைன்னு ஒண்ணு வரவே இல்ல.

ஒம்போது சண்டை, ஏழு நாக்கவுட்டு. கணக்கு எனக்கும் தெரியும் நைனா. யார அடிச்சான், அதச் சொல்லு. குமணன்சாவடியில விழுந்தானே, அவன் மண்ணு பூசிக்கினு பொரள்ற குஸ்தி பயில்வான். கையில கிளவுஸ் மாட்டுனதே அன்னிக்குத்தான். மாட்டின கையோட அவுந்த வேட்டியக் கட்டத் தெரியாம முழிச்சிக்கினு நின்னான், அந்த நேரம் பாத்து இவன் ஒண்ணு வுட்டான். அதுக்கு ரோஜா மாலை! பூந்தமல்லியில ஒரு சோல்ஜரு, மலேரியா ஜொரத்துல எழுந்து வந்தவன். அவன் அடியில வுழல, கொயினா மருந்து கிறுகிறுப்புல வுழுந்தான். இன்னொருத்தன் கயிறு தடுக்கி வுழுந்தான், அதயும் இவன் பேருல போட்டுட்டீங்கோ.

நான் தெரியாம ஒளர்றேன்னு நெனைக்காதே. ரங்கூன்ல இருபது வருசம் இருந்தவன். அரிசி மில்லுல டைம் கீப்பரு, இங்கிலீஷு தமிழு ரெண்டும் படிச்சவன். சனிக்கெழம ஆச்சின்னா ரிங்கு ஓரத்துல நிப்பேன். கப்பல்லேர்ந்து எறங்குன வெள்ளக்காரன், பர்மாக்காரன், சீனாக்காரன், அத்தினி பேரோட குத்தையும் பாத்தாச்சி. ஜப்பான்காரன் குண்டு போட்டான், ஒத்தப் பொண்ணக் கையில புடிச்சிக்கினு மலையும் காடுமா நடந்தே ஊரு வந்து சேந்தேன். ஹெவிவெயிட்டுன்னா எப்டி இருப்பான் தெரியுமா? ஒடம்பு மலையாட்டம், காலு பூனையாட்டம். இவனுக்கு காலும் மலைதான்.

நல்லதா ஒண்ணுகூட இல்லியான்னா... கீது. பொய் சொல்லக் கூடாது. அந்த வலது கை. அது நேரா வந்து எறங்குச்சின்னா லாரிக் கதவு அறுந்து வுழுந்த மாதிரி. வாங்குனவன் அவன் பேர அவனே அடுத்தவனக் கேட்டுத் தெரிஞ்சிக்கணும். அப்பால, அடி தாங்குவான். அதுல இன்னா பெருமை? ஆணிகூடத்தான் அடி தாங்குது.

மத்ததெல்லாம் கஸ்மாலம். மூணு ரவுண்டுக்கு மேல மூச்சு நிக்காது, கரையில போட்ட கெளுத்தி மாதிரி வாயப் பொளப்பான். இடது கைய ஒசத்திப் புடிடான்னா, சோறு வர்ற வரைக்கும் குந்திக்கினு கீறவனாட்டம் மடியில போட்டுக்குவான். ரிங்குல ஏறதுக்கு முன்னால தேங்கா எண்ணெ, சீப்பு. மணி அடிச்சி எதிராளி மேல பாயறான், இவன் தரை டிக்கெட்டுக்காரனுக்கு கும்புடு போட்டுக்கினு நிக்கிறான்! இவன இட்டுகினு போயி கார்ட்னரு முன்னால நிறுத்தப் போறியா? அந்த பெரம்பூர் சட்டைக்காரன், ஆங்கிலோ இந்தியன், நாலு வருசமா இடுப்புலேர்ந்து பெல்ட்ட எறக்கல. அவனோட வலது கை வளைஞ்சி வரும் பாரு, அது வர்ற வழி இவனுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டாவது ரவுண்டு. மூணாவதுக்குப் போனா என் மீசைய எடுத்துக்கறேன்.

அவன் எனக்கு மருமவன்னு யாரு சொன்னா? டீக்கடையிலயா? அந்த தேவராஜுக்கு வேற வேல இல்ல. ஆமா, மருமவன்தான். என் பொண்ணு பொன்னியம்மாவக் கட்டிக்கினவன்தான். அதனால மாமனாரு வயித்தெரிச்சல்ல பேசறான்னு நெனைச்சிட்டே. நெனைச்சிக்க. அவளுக்கு இது ஏழாம் மாசம். உங்க ஆளுங்க குடுத்த போஸ்டர செவுத்துல ஒட்டி, புருசன் நெத்தியில மஞ்சா குங்குமம் வெச்சிக் கீறா. சாமி படத்துக்குப் பக்கத்துலயே. நான் இன்னா சொல்லி அத கிழிக்கிறது?

இன்னா நீ, நான் திட்டத் திட்ட உன் மூஞ்சி மலருது? தலைய வேற ஆட்டறே?

ஓ.

அதான் வேணுமா. ஆளு பெருசா கீணும். காலு நவுரக் கூடாது. சட்டுனு வுழாம அடி வாங்கிக்கினே நிக்கணும். கேம்ப்பு சோல்ஜருங்கோ அப்டிப் பாத்தாத்தான் கை தட்டுவானுங்கோ. கார்ட்னருக்கு ஒரு பெரிய ஒடம்பு வேணும், போட்டுத் தள்றதுக்கு. அப்போ அரை மணி நேரமா நான் இவனத் திட்டித் திட்டி உன் கையில தாரை வாத்துக்கினு இருந்தேன்னு சொல்லு. நல்லா கீது. ரெண்டு பாஷை படிச்ச புத்தி.

இரு, எழுந்துக்காதே. கயித்த சுத்தி வெக்கிறான், மூஞ்சி கழுவிக்கினு வருவான். அதுக்குள்ள ஒண்ணு சொல்லிட்றேன்.

அவனுக்கு இடது கண்ணு இல்ல.

கண்ணு கீது. பாத்தா ஒண்ணும் தெரியாது, நல்லா பளபளன்னுதான் கீது. ஏழாவது சண்டையில ஒருத்தன் கிளவுஸோட கட்டவெரலு உள்ள பூந்துடுச்சி. ரவ ரவையா மங்கிச்சி, ஆடி மாசத்துல சுத்தமா அவிஞ்சி போச்சி.

ஆமா, டாக்டரு பாஸ் போட்டாரு. யாரு இல்லேன்னா? ஒரு கண்ண மூடிக்கினு எழுத்து அட்டையப் படின்னாரு, இவன் கடகடன்னு சொன்னான். மொத நாளு போனப்ப அவரு இல்ல, ரெண்டு நாள் கழிச்சி வாங்கன்னாங்கோ. தொணைக்குப் போனவன் நானு. அட்டை செவுத்துல தொங்கிக்கினு இருந்துச்சி. சிகரெட் பொட்டியக் கிழிச்சி, மேலேர்ந்து கீழ வரைக்கும் அத்தினி எழுத்தையும் வரிசையா எழுதிக்கினு வந்தேன். அப்பால ரெண்டு நாளு பாடம். இங்கிலீஷுல பாதி எழுத்து அவனுக்கு அடையாளமே தெரியாது. தெரிய வேணாமே, வாயில வரிசையா வந்தாப் போதும். வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் குடுத்தேன். தப்பா சொன்னா மண்டையில குட்டுனேன் நைனா. பதினஞ்சு ஸ்டோன் ஆளு, குட்டு வாங்கறதுக்கு தலையக் குனிஞ்சி குடுத்தான்.

ஏன் பண்ணேனா? ரங்கூன்ல ஊடு, வேல, பொண்டாட்டி அத்தினியும் பறிகுடுத்துட்டு வந்தேன். ஊட்டுக்கு ஒரு பெல்ட்டாச்சும் வரட்டுமேன்னு தோணுச்சி. சோமாரிப் புத்தி. இவனச் சொல்லி இன்னா, இவன் பொட்டி தூக்கறவன். படிச்ச சோமாரி நானு.

வேணாம்டா, போதும்டான்னு போன மாசம் அவன்கிட்ட சொன்னேன். அட்டைய நீதானே மாமா சொல்லிக் குடுத்தே, அப்டின்னான். அதான் அவனத் திட்டித் திட்டி உன்ன வெரட்டப் பாத்தேன்.

நீ ஒண்ணும் பண்ண வேணாம். காயிதத்த நீட்டு, கையெழுத்து வாங்கு, சந்தோசமா இருக்கட்டும். பெல்ட்டு சண்டைக்கு முன்னால திரும்ப டாக்டருகிட்ட நிறுத்துவீங்கோ இல்ல? அப்போ அந்த அட்டைய மட்டும் வேற மாத்தச் சொல்லு. அவ்ளோதான். என் பேரு வர வேணாம்.

தோ, வந்துட்டான். அந்தப் பக்கம் நிக்காதே நைனா, இந்தாண்ட வா. அங்க நின்னா நீ கீறதே அவனுக்குத் தெரியாது.