கவ்வாத்துக் கத்தியின் தழும்பு

"தேயிலை கவ்வாத்து வெட்டுறப்ப கத்தி பட்டிருச்சின்னுதானே சொன்னீங்க?"

பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் இருந்த தோட்டத்துப் பெண், கணவனின் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரம் சின்னத் தழும்பு. அவள் மடியில் கிடந்த பெண் குழந்தைக்கு அதே இடத்தில் ஆறாவது விரல் முளைத்திருந்தது.

"இது பரம்பரையா வர்றதுன்னு டாக்டரய்யா சொன்னாரு. எங்க பக்கம் யாருக்கும் இல்லீங்க."

"எனக்குத்தான் இருந்திச்சு," என்றான் அவன். "கைப்புள்ளயில அம்மா நூலால இறுக்கிக் கட்டி விழ வச்சிருச்சு."

"அத ஏன் மறைச்சீங்க?"

"பொண்ணு பாக்க வந்தப்ப நீ என் கையவே பாத்துக்கிட்டிருந்த. எங்க வேணாம்னுருவியோன்னு பயந்துட்டேன்."

"நல்லா இருக்கு. அந்தத் தழும்பப் பாத்துட்டுத்தான், பாவம், பாடுபடுற மனுசன்னு நெனச்சு நான் சரின்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "விரல் எடுக்க வந்த புள்ள யாரு?"

அவள் எழுந்திருக்கவில்லை. "இதையும் வெட்டிட்டா, இவளக் கட்டிக்க வர்றவங்கிட்ட எந்தக் கத்தியச் சொல்லுவீங்க?"

அவன் குழந்தையின் ஆறு விரலையும் தன் கைக்குள் மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னான்.

"நீங்க முன்னால போங்க."