முள்ளுக்கம்பியில மாட்டின நீலத் துண்டு

— அதான் சொல்றேன் விஜயகலா, நமக்கெதுக்கு ஊர் வம்பு! இது ஜீவராணியோட நீல டீசர்ட்டுதான்னு ஒரு வார்த்த சொல்லு, நான் பாட்டுக்குப் போயிடறேன்.

— இந்தத் துண்டு எங்க கெடச்சிச்சி, சுப்பம்மாக்கா?

— ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால, முள்ளுக்கம்பியில. நேத்து அந்திக்கு ஒரு ஆணும் பொண்ணும் அங்க நின்னு குசுகுசுன்னிருக்காங்க. வாட்ச்சர் சத்தம் போட்டதும் கம்பிக்குள்ள பூந்து ஒரே ஓட்டம்! மூஞ்சி தெரியல, துணி மட்டும் மாட்டிக்கிச்சி.

— அதுக்கு ஜீவராணியா? இன்னைக்கி பலாங்கொடையில இருந்து அவளுக்குப் பரிசம் போட வாறாங்களே!

— அதனாலதானே ஓடியாறேன்! மாப்பிள்ள வீட்டுக்காரங்க எறங்கினதும் காதுல போட்டுரணும். நீ கார்மெண்ட்ல துணி தைக்கறவ, நீ சொன்னா எடுபடும்.

— ஐயோ, இருங்க மாமி!

— மாமியா? எனக்கென்ன மருமகளா வந்திருக்கு? அக்கான்னே சொல்லு, வயசாவது கொறையும்.

— சரிக்கா. ஜீவராணியோடது சிங்கிள் ஜெர்சி. ஒரு பக்கம் வழுவழுன்னு இருக்கும், மறுபக்கம் கண்ணு கண்ணா இருக்கும். கிழிஞ்சா ஓரம் சும்மா நிக்காது, சுருட்டிக்கும். இந்தா, நான் போட்டிருக்கறதும் அந்த ரகந்தான். கிழிஞ்ச எடத்தப் பாருங்க.

— ரோலர்ல போட்ட தேயிலக் கொழுந்து மாதிரியில்ல சுருண்டிருக்கு! இது எங்கடி கிழிஞ்சிச்சி?

— எங்கயோ மாட்டிக்கிச்சி. ஒங்க கையில இருக்கறது சுருளுதா?

— இல்லையே. தோச மாதிரி படுத்துக் கெடக்கு.

— திருப்பிப் பாருங்க.

— ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான். அப்ப இது என்னாடி? சொல்லு, சொல்லு!

— இண்டர்லாக் பின்னலா இருக்கணும், இல்லாட்டி ரிப் பின்னலு. குறுக்கால இழுங்க.

— ஆத்தாடி! ரெட்டிப்பா வருது! வாய்க்கா வாய்க்காவா தொறக்குது! விட்டா... பழையபடி மூடிக்குதுடி!

— இண்டர்லாக் இவ்வளவு வராது, கனமா நிக்கும். இது ரிப்தான். கை நுழையிறப்ப விரிஞ்சி, நுழைஞ்சதும் மணிக்கட்டப் புடிச்சிக்கணும்ல, அதுக்காக நீளக்கை டீசர்ட்டுக்குக் கை முனையில வைக்கறது. ஜீவராணியோடது அரைக்கை. அதுல ரிப்பே கெடையாது.

— அப்ப கிழிஞ்சது அந்தப் பய கையி! நீ பொலிஸ்ல இருக்க வேண்டியவ. யாருடி அவன்?

— அது எதுக்குக்கா? ஜீவராணி இல்லன்னு தெரிஞ்சிச்சில்ல.

— பேரு இல்லாம எப்படி? அவ பேரத்தான் காலையிலயே பீலிக் குழாயில தண்ணி புடிக்க வந்தவளுக எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேனே! வேற பேரு கெடைக்காட்டி அவ பேருதான் நிக்கும்.

— திரீவீலர் சத்தம் கேக்குதுக்கா.

— வந்துட்டாங்க! சீக்கிரம் சொல்லுடி!

— ஒங்க மகன் கிருஷ்ணகுமார் இன்னைக்கி என்னா போட்டிருக்காரு?

— அவனா? நீளக்கை டீசர்ட்டு. நீலம். எடது கைய மட்டும் மடிச்சி விட்டுக்கிட்டுத் திரியறான், என்னாடா புது ஸ்டைலுன்னு கேட்டா இளிக்கிறான்... அடப் பாவிப் பயலே!

— கத்தாதீங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்ககிட்ட என்னா சொல்லப் போறீங்க?

— நானா? நமக்கெதுக்கு ஊர் வம்பு! ஜீவராணி தங்கம்னு சொல்றேன், சொக்கத் தங்கம்! பீலிக்கும் ஓடிப்போய் அதையே சொல்றேன். ஆனா அவன்கூட நின்னவ எவ? இந்த ரகச் சட்ட நம்ம தோட்டத்துக் கடையில விக்காதே, அவனுக்கு எவ வாங்கிக் குடுத்தா?

— கார்மெண்ட்ல ரிஜெக்ட்டுன்னு கழிச்சத வித்தப்ப நான் வாங்கினது. அந்தத் துண்ட இப்படித் தாங்க, சட்டையையும் அனுப்புங்க, நானே தச்சித் தாறேன். ஆனா இனி ஒங்கள அக்கான்னு கூப்புட முடியாதுங்க, மாமி.