சட்டை போட்ட பொம்மை

இந்தப் பொம்மைய எடுத்துட்டுப் போங்க சார், நான் ஒண்ணும் வேணாங்கல. ஸ்டோர் பொருள் ஸ்டோருக்குத்தான் போகணும், நீங்களும் ஸ்டோர்காரர், சரிதான். ஆனா ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. இப்படி உக்காருங்க. ஃபேன் சுத்தும், காத்துதான் வராது.

எதுக்கா? மூச்சு நின்னுபோனவங்க நெஞ்ச அமுக்கி உயிர மீட்கப் பழகறதுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ ட்ரெய்னிங், கையோட சர்டிபிகேட். என்னோடது அதோ, பீரோ மேல. முதல் மார்க்கு. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகுமா சார்? ரெண்டு மாசம் தொடலன்னா கை மறந்துடும். அதான் இத வார்டு வாசல்லயே போட்டு வெச்சிருக்கேன். எந்த நர்ஸ் வந்தாலும் ரெண்டு நிமிஷம் அமுக்கிட்டுத்தான் ரெஜிஸ்டர்ல கையெழுத்து. பிள்ளைங்க இதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு வெச்சிருக்குதுங்க. மாப்பிள்ளை எந்திரிச்சாரா அக்கான்னு கிண்டல் வேற. பண்ணட்டும்.

சட்டையா? நாந்தான் போட்டுவிட்டேன். ட்ரெய்னிங்ல பொம்மைக்குச் சட்டை கிடையாது. ஆனா மனுஷன் சட்டையோடதான விழறான்? போன வருஷம் இந்த வராண்டாவுல ஒருத்தர் மாரடைப்புல விழுந்தாரு. மத்தியானம் ஒரு மணி. பக்கத்துல நான் மட்டும்தான். சட்டைக்கு மேலயே அமுக்கு, நேரத்த விடாதன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. ட்ரெய்னிங் முடிஞ்சு ஏழே மாசம், மறந்துட்டேன். உக்காந்து ஆறு பட்டனையும் ஒண்ணொண்ணா கழட்டிட்டிருந்தேன் சார். அப்புறம்தான் அமுக்கினேன். டாக்டர் வந்து போதும் சிஸ்டர்னு சொல்ற வரைக்கும் அமுக்கினேன்.

தண்ணியெல்லாம் வேணாம் சார், நான் அழல. அழுகையே வரமாட்டேங்குது, அதுக்கு நான் என்ன பண்ண? இப்ப எவளாவது பட்டன்ல கைய வெச்சா, மறுபடி முதல்ல இருந்துதான். ராட்சசிங்கறாளுங்க. அதுக்கப்புறம் இங்க ரெண்டு பேரு அதே மாதிரி விழுந்தாங்க. ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனாங்க.

ஏன் சார் பொம்மைய ஒப்படைக்கற பேப்பர மடிக்கறீங்க? கையெழுத்து வேணாமா? சரி, உங்க இஷ்டம். இங்கயே இருக்கட்டும்.

அதுவா? ஆமா, மூணாவது பட்டன் மட்டும் வேற கலருதான். அன்னைக்குக் காலைல டூட்டிக்குக் கெளம்பற அவசரத்துல கையில கிடைச்சதத் தெச்சுக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரரு மத்தியானம் எனக்குச் சாப்பாடு குடுக்க இந்தச் சட்டையத்தான் போட்டுட்டு வந்தாரு. புதுசா தெச்ச பட்டன், பிஞ்சிடக் கூடாதேன்னு மெதுவாத்தான் கழட்டினேன்.