டிரம்ஸ் தொடங்கினால்தான் ஹைவே

சென்ட் லோரன்ட் போகும் பஸ்ஸில், மத்தியான வெயிலில், நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீற்றில் இரண்டு பெண்கள். இளையவள் கார் ஓடும் சோதனையில் பெயிலாகிவிட்டு வந்திருந்தாள்.

“டிரம்ஸ் தொடங்கினாத்தான் அக்கா, நான் ஹைவேயில ஏறுவன்.”

“என்ன டிரம்ஸ்?”

“என்ர இவர் ஒரு பழைய ரொக் பாட்டைப் போட்டுத்தான் என்னைப் பழக்கினவர். தனிக் கிற்றார் கேக்கேக்க மெல்லமாப் போவன். டிரம்ஸ் விழ அக்ஸிலேற்றரை அமத்துவன். பல்லவி வர லேன் மாத்துவன்.”

“சோதினையில பாட்டுப் போட விடமாட்டினமே.”

“மனசுக்குள்ள பாடினனான். எல்லாம் வடிவாத்தான் போச்சுது. சோதிக்க வந்தவர் ஹைவேயால இறங்கச் சொன்ன எக்ஸிட்டைத்தான் விட்டிட்டன்.”

“ஏன் பிள்ளை?”

அவள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள்.

“அந்தப் பாட்டு முடியிறேல்லை அக்கா. சத்தம் மட்டும் குறைஞ்சு குறைஞ்சு போகும்.”